இரண்டு முட்டாள்கள் படித்த புத்தகம்

எங்கள் விடுதி அறைக்கு அந்தப் புத்தகம் ஓஸி ஆஸ்போர்ன் வழியாக வந்து சேர்ந்தது. 2009, பொறியியல் இறுதியாண்டு. என் அறைத்தோழனிடம் ஒரு பழைய கிவ்சன் கிட்டார் இருந்தது. அதனால் விடுதியில் அவனுக்கு இயற்பெயரே கிடையாது, 'கிட்டார்'தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். 'மிஸ்டர் க்ரோலி' என்ற பாட்டில் ராண்டி ரோட்ஸ் வாசித்த சோலோவை எப்படியாவது விரலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இரண்டு மாதம் மல்லுக்கட்டினான். சோலோ வரவில்லை. அதற்குள் வேறொரு கேள்வி வந்துவிட்டது. "மச்சி, யாருடா இந்த க்ரோலி?"

விடுதியின் உள் நெட்வொர்க்கில் யாரோ ஒரு புண்ணியவான் பகிர்ந்து வைத்திருந்த மின்நூல் கிடங்கில், சி++ புத்தகங்களுக்கும் ஜிஆர்இ வார்த்தைப் பட்டியல்களுக்கும் நடுவே 'அக்கல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் கிடைத்த பிடிஎஃப்தான் 'புக் ஃபோர்'. நான்காம் நூல். அலெய்ஸ்டர் க்ரோலி எழுதியது. ('ஹோலி'யோடு எதுகை சேரும்படி உச்சரிக்க வேண்டும் என்று அவரே கறாராகச் சொல்லியிருக்கிறார். ஓஸி அதை மதிக்கவில்லை, நாங்களும் அப்போது மதிக்கவில்லை.)

பெயரைக் கேட்டால் மண்டையோடு, கருப்புப் பூனை என்று ஏதோ எதிர்பார்ப்போம். நாங்களும் அதைத்தான் எதிர்பார்த்தோம். திறந்தால் முதல் பகுதி முழுக்க யோகம். ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்று எங்கள் ஊர் நூலகத்தில் தூசு படிந்து கிடக்கும் புத்தகங்களின் அதே அத்தியாயத் தலைப்புகள். இரண்டாம் பகுதியில்தான் சடங்கு மாந்திரீகம்: வட்டம், பலிபீடம், கோல், கிண்ணம், வாள், வட்டு, விளக்கு, மணி. மேடை வித்தைக்காரனின் மேஜிக்கோடு குழம்பக் கூடாது என்பதற்காக அந்தச் சொல்லின் கடைசியில் க்ரோலி ஒரு 'கே' எழுத்தை ஒட்டவைத்தார். முழு நூல் நான்கு பகுதிகள். மூன்றாவது, மிகப் பெரியது, 1929-30 வாக்கில்தான் வந்தது, நான்காவது 1936இல். நாங்கள் படித்தது முதல் இரண்டை மட்டும். 1911 கடைசியில் இத்தாலியில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வில்லாவில் தங்கிக்கொண்டு க்ரோலி வாயால் சொல்லச் சொல்ல மேரி டெஸ்டி என்ற பெண் எழுதிக்கொண்டது அது. புரியாத இடங்களில் அவர் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். அது அந்த உரைநடையில் தெரியும். க்ரோலியின் மற்ற புத்தகங்கள் பலவற்றில் நாலு பக்கம் தாண்டுவதற்குள் தலை சுற்றும். இது அப்படியில்லை. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற ஞாபகத்தோடு பேசுகிற மொழி.

இதைப் படித்த பலர் சொல்வதுதான், நானும் சொல்கிறேன்: மனதை ஒரு பொருள்மேல் நிறுத்த முயன்றால் என்ன ஆகும் என்பதைப் பற்றி இவ்வளவு பொய்யில்லாமல் எழுதப்பட்ட பக்கங்கள் குறைவு. ஆசனத்தைப் பற்றி எழுதும்போது 'பேரானந்தம்' என்று தொடங்குவதில்லை, வலி என்று தொடங்குகிறார். தாரணை அத்தியாயத்தில், கவனம் முறிகிற ஒவ்வொரு முறையும் அதை எண்ணச் சொல்கிறார். ஆரம்பத்தில் பயிற்சி கூடக் கூட முறிவுகளும் கூடுவதுபோலத் தெரியும், உண்மையில் முறிவைக் கவனிக்கிற திறன்தான் கூடுகிறது என்கிறார். பிறகு முறிவுகளை வகை பிரிக்கிறார். உடம்பின் அரிப்பு, வலி. பயிற்சிக்கு உட்காருவதற்குச் சற்று முன் நடந்தவற்றின் மிச்சம். பகற்கனவு. 'ஆகா, எவ்வளவு நன்றாகச் செய்கிறேன்' என்ற நினைப்பு. பிறகு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத துண்டுப் பேச்சுகள், கம்பியில்லாத் தந்திக்காரர்களின் காதில் விழுகிற யாருடையதோ இரைச்சல் மாதிரி.

எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது இதுதான். எனக்கு அது பிழைகளைப் பட்டியலிடும் ஒழுங்கு. அவனுக்கு அது வழி.

*

பயிற்சி செய்தவன் அவன். நான் படித்தேன், அவ்வளவுதான். ஆனால் நோட்டுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தது நான்.

க்ரோலியின் பயிற்சிக் கையேடு ஒன்று உண்டு, 'லிபர் ஈ'. எந்தச் சோதனையையும் நடக்கும்போதே அல்லது முடிந்த கையோடு எழுதி வைக்க வேண்டும் என்பது அதன் முதல் கட்டளை. நேரம், இடம், உடம்பின் நிலை, மனதின் நிலை, வானிலை வரைக்கும். அறிவியலின் முறையில் மதத்தின் இலக்கை அடைவது என்பதுதான் அவர் நடத்திய இதழின் கொள்கை. பொறியியல் மாணவனுக்கு இது போதாதா? 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், வானிலை, தூக்கம், சாப்பாடு, ஆசனம், மூச்சு, முறிவுகள், குறிப்பு. ஒன்பது பத்திகள். வாரக் கடைசியில் அவன் நோட்டை வாங்கி முறிவுகளின் எண்ணிக்கையை மட்டும் எக்செல்லில் ஏற்றிக் கோட்டுப்படம் போடுவேன். கோடு கீழே இறங்கும்போது இருவரும் தேர்வில் பாஸானதுபோலக் கைதட்டிக்கொள்வோம்.

ஜூலையில் தொடங்கினான். எகிப்திய மன்னர் சிலைகளைப்போல நாற்காலியில் விறைப்பாக உட்காருவது ஒரு நிலை. முட்டி போட்டுக் குதிகால்மேல் உட்காருவது இன்னொன்று, அதற்கு 'டிராகன்' என்று பெயர். நம் ஊர் வஜ்ராசனம் மாதிரி. ஆசனம் வசப்பட்டதா என்பதற்கு ஒரு தேர்வும் உண்டு. விளிம்புவரை தண்ணீர் நிறைந்த தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் சிந்தாமல் உட்கார வேண்டும். மெஸ்ஸிலிருந்து ஒரு டபராவைத் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் அறைத் தரை அந்த மாதம் முழுக்க ஈரம். எதிர் அறைப் பையன்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், டபரா விழும், மறுபடியும் நிரப்புவான். ஆகஸ்ட் நடுவில் ஒரு ராத்திரி ஐம்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மூச்சுக்குப் பத்து, முப்பது, இருபது: பத்து நொடி இழுப்பது, முப்பது நிறுத்துவது, இருபது விடுவது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பதினாறு, அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு என்று ஒரு கணக்கு இருப்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு கோட்டுப்படம் போட்டிருப்பேன்.

*

நூலின் இரண்டாம் பகுதியில், கிண்ணத்துக்கும் வாளுக்கும் நடுவே திடீரென்று ஓர் இடைவேளை வரும். குழந்தைப் பாடல்களுக்கு மறைபொருள் சொல்லும் அத்தியாயம். எதிலும் உண்மை இருக்கிறது, தேடத் தெரிய வேண்டும் என்று க்ரோலி விளையாட்டாகச் சொல்ல, 'எங்கே, நிரூபி' என்று மேரி டெஸ்டி கை போன போக்கில் சில ஆங்கிலக் குழந்தைப் பாடல்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாய்க்கு எலும்பு எடுக்கப்போய் அலமாரி காலியாக இருப்பதைப் பார்க்கும் கிழவி, யூத கபாலாவின் ஆதித் தாயாக மாறிவிடுகிறாள். சுவர்மேலிருந்து விழுந்து உடைகிற முட்டைக்கும் இதே கதி. அந்த அத்தியாயத்தின் தலையில் ஓர் எச்சரிக்கை உண்டு, என் சொற்களில் தருகிறேன்: இதை வெறும் ஜோக் என்று நினைக்கிற வாசகர் ஒரு வகையான உதவாத முட்டாள், பாட்டைக் கட்டியவர்களே இந்த மறைபொருளை மனதில் வைத்துத்தான் கட்டினார்கள் என்று நான் நம்புவதாக நினைக்கிறவர் இன்னொரு வகையான உதவாத முட்டாள்.

இந்த இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன ஒரு எழுத்தாளன்டா என்று அடுத்த அறைக்காரனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கிட்டார் சிரிக்கவில்லை. அன்றிரவு நமக்கெல்லாம் தெரிந்த நிலாப் பாட்டை எடுத்து இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினான். இன்றைக்கும் சொல்வேன், அது அபாரமான விளக்கம். பித்துப்பிடித்த ஒழுங்கோடு ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

பிறகு காக்காய் பாட்டு. பிறகு பேருந்து எண்கள். பிறகு எங்கள் ரோல் நம்பர்கள். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மெஸ் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்த மெனு தனக்கான செய்தி என்று சொன்னான். ராத்திரி மூணு மணிக்கு என்னை எழுப்பித்தான் சொன்னான். கண்கள் அவ்வளவு பிரகாசமாக இருந்தன. அவ்வளவு வேகமாக, அவ்வளவு அழகாகப் பேசினான். பொறாமையாக இருந்தது. நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், இவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பொறாமை. நான் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"செம மச்சி. மறக்குறதுக்குள்ள நோட்ல எழுதிரு."

எழுதினான். நான் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அதற்கு மூன்று நாள் கழித்து மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன் என் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஒங்க ரூம் தம்பி மூணு நாளா தட்டு எடுக்கலையே. ஊருக்குப் போயிருக்காப்லயா?"

"இல்லண்ணே, டயட்ல இருக்கான்" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். முந்நூறு பேர் சாப்பிடுகிற மெஸ் அது.

*

விடிகாலையில் தேசிய நெடுஞ்சாலையில் செருப்பில்லாமல் வடக்கே நடந்துபோனவனை ஒரு டீக்கடைக்காரர் நிறுத்தி உட்காரவைத்து, சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து வார்டனுக்குப் போன் செய்தார். மதுரைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஏன் மதுரை என்று எனக்குத் தெரியும். க்ரோலி 1901இல் இலங்கையிலிருந்து மதுரைக்கு வந்திருக்கிறார். ஊருக்கு வெளியே கோவணமும் திருவோடுமாக உட்கார்ந்திருந்ததாகவும், அதற்குப் பலனாகச் சில ரகசியச் சன்னதிகளுக்குள் அனுமதிக்கப்பட்டதாகவும், ஒன்றில் பவானிக்கு ஆடு பலி கொடுத்ததாகவும் சுயசரிதையில் எழுதுகிறார். மதுரைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் எந்தச் சன்னதி, எந்த ஆடு என்று கேட்பார்கள். நான் அந்தப் பத்தியை அவனுக்குப் படித்துக் காட்டியது கிண்டலுக்கு.

அவன் அப்பா மத்தியானம் வந்தார். அரசுப் பள்ளித் தமிழாசிரியர். அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். எனக்குக் கை நடுங்கியது. அவர் சத்தம் போடவில்லை. "இதெல்லாம் திருமூலர்லயே இருக்கேப்பா, இதுக்கு எதுக்கு வெள்ளக்காரன்?" என்றார், ஏதோ பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது.

"நீ இங்கதானப்பா படுத்திருந்த?"

"ஆமா சார்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

மருத்துவரிடம் நானும் போனேன். இளம்பெண், எங்களைவிட ஏழெட்டு வயதுதான் அதிகம் இருக்கும். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. நான் நோட்டை நீட்டினேன். அவர் நிலாப் பாட்டு விளக்கத்தைப் படிக்கவில்லை. நான் அவ்வளவு பெருமையாகக் கோட்டுப்படம் போட்ட முறிவுகளைப் பார்க்கவில்லை. நாலாவது பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். ஆறு மணிநேரம். ஆறு. ஐந்தரை. ஐந்து. நாலு. மூன்று. இரண்டு. இரண்டு. ஒன்றரை. ஐந்தாவது பத்தியில் சில நாட்கள் 'டீ' என்று மட்டும் இருந்தது. சில நாட்களில் ஒரு சிறு கோடு.

"யார் இதை மெயின்டெய்ன் பண்ணது?" என்றார்.

கட்டம் போட்டது நான்தான் என்று சொன்னேன்.

"ரொம்ப யூஸ்ஃபுல்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் குத்துகிறது.

பைபோலார் என்றார்கள். தூக்கம் குறைவது, களைப்பே தெரியாமல் இருப்பது, பேச்சு வேகமெடுப்பது, பார்ப்பதிலெல்லாம் தனக்கான அர்த்தம் தெரிவது, எல்லாம் அதன் அடையாளங்கள். புத்தகத்தாலா என்று அப்பா கேட்டதற்கு, புத்தகம் இல்லாவிட்டாலும் எப்போதாவது வந்திருக்கும், ராத்திரி ராத்திரியாக முழித்தது அதைச் சீக்கிரமாக, பலமாக இழுத்து வந்திருக்கலாம் என்றார். யோகத்தின்மேலும் பழி போடவில்லை. அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆள் எத்தனை மணிநேரம் தூங்கினான், அவ்வளவுதான் கேள்வி.

*

பத்து வருடத்துக்கு மேல் நான் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. 2021இல், இரண்டாம் அலை ஊரடங்கில், வேலைக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் அழிந்துபோயிருந்த ஒரு மாதத்தில், நாலு பகுதிகளும் ஒன்றாகச் சேர்த்து அச்சான தடித்த பதிப்பை வாங்கினேன். குற்றப்பத்திரிகை எழுதுகிற மனநிலையில்தான் திறந்தேன். க்ரோலிமேல் குற்றம் சாட்டுவது சுலபம், ஆள் அவ்வளவு நிறைய விட்டுவைத்திருக்கிறார். ஆனால் படிக்கப் படிக்க வழக்கு பலவீனமாகிக்கொண்டே போனது.

யம நியமத்தைப் பாருங்கள் என்று முதலில் கிளம்பினேன். பதஞ்சலியில் யமமும் நியமமும் முதலிரண்டு படிகள். திருமூலரிலும் அப்படித்தான். க்ரோலி ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் சொல்லிவிட்டு மூன்றாவதாகத்தான் அவற்றுக்கு வருகிறார். நிலையான ஒழுக்க விதி என்று ஒன்றுமில்லை, மனதைக் கலைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடுகள்தான் அவை, எது தன்னைக் கலைக்கிறது என்று அவரவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்கிறார். மென்பொருள் நிறுவும்போது 'முன்தேவைகள்' என்ற பக்கத்தைப் படிக்காமலே அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டு போவோமே, அதைப் புத்தகமே செய்து கொடுக்கிறது என்று எழுதி வைத்தேன். நல்ல வரி என்று எனக்கே திருப்தி. ஆனால் என் நண்பன் பொய் சொல்லவில்லை, திருடவில்லை, யாரையும் துன்புறுத்தவில்லை. யம நியமத்தில் அவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம்.

அடுத்து தாரணை அத்தியாயத்துக்கு வந்தேன். அந்த ஐந்தாவது வகை முறிவு, எங்கிருந்தோ வரும் துண்டுப் பேச்சுகள். காதில் தெளிவாகக் கேட்கும், மனிதக் குரலாகவே இருக்கும் என்கிறார். அதே இடத்தில், அவை பிரமைதான் என்று பயிற்சி செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் அவர் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்கிறார்.

2009இலும் அந்த வாக்கியம் அங்கேதான் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். தந்திக்காரர் உவமையைச் சிலாகித்தேன்.

என்னால் இப்போதும் சரியாகச் சொல்ல முடியாத ஒரு சங்கடம் இதில் இருக்கிறது. உவமைக்காகப் படிக்கிறவன் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடுகிறான். எங்கள் தலைமுறையில் இலக்கியம் என்று ஏறிய பலருக்கு இந்த நோய் உண்டு. எதையும் 'எழுத்தாக' மட்டும் பார்ப்பது. க்ரோலி சொன்ன முதல் வகை முட்டாள் நான் என்பதை நிலாப் பாட்டு ராத்திரியிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

*

யோகம் க்ரோலிக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தேடிப்போனால் ஒரு தமிழ் வீட்டு வாசலில் போய் நிற்போம். லண்டனில் அவருக்கு மாந்திரீகம் கற்றுக்கொடுத்த நண்பர் ஆலன் பென்னட், கடும் ஆஸ்துமாக்காரர், 1900இல் இலங்கைக்குப் போகிறார். அங்கே பொன்னம்பலம் இராமநாதன் வீட்டில் அவருடைய பையன்களுக்கு ஆசிரியராக வேலை. சர் பட்டம் பெற்ற, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டிய, கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய அதே இராமநாதன்தான். அன்றைய இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல், சைவர், தஞ்சாவூர்க்காரரான ஒரு குருவிடம் தீட்சை பெற்றவர், பரானந்தா என்ற பெயரில் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு யோக உரை எழுதியவர். பென்னட் இவரிடம் யோகம் படிக்கிறார். 1901 ஆகஸ்டில் க்ரோலி கொழும்பில் வந்து இறங்கி, பென்னட்டை அழைத்துக்கொண்டு கண்டிக்குப் போய் ஒரு பங்களா எடுக்கிறார். அந்த அக்டோபர் தொடக்கத்தில் முதன்முறையாகத் தியானம் கைகூடியது என்று பதிவு. அதோடு சோர்ந்துபோய்க் கிட்டத்தட்ட இரண்டு வருடம் யோகத்தின் பக்கமே தலைவைக்கவில்லை என்பதும் பதிவுதான். பென்னட் பர்மாவுக்குப் போய் ஆனந்த மெத்தேய்ய என்ற பிக்குவாகிவிட்டார்.

இதைக் கண்டுபிடித்த இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்ற அந்தப் பழைய போதை. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. சரக்கு நம்முடையதோ யாருடையதோ, க்ரோலியின் புத்தகத்துக்கு விவேகானந்தர் 1896இல் வெளியிட்ட 'ராஜ யோகம்'கூடக் கடன் கொடுத்திருக்கிறது. அதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது க்ரோலி தன் சுயசரிதையில் போகிறபோக்கில் சொல்லும் ஒரு சம்பவம்.

கண்டி பங்களாவில் பென்னட் தன் அறைக்குள் பயிற்சியில் இருப்பார். சாப்பாடு பக்கத்து அறையில் வைக்கப்படும். அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ஏற்பாடு. ஒருமுறை தொடர்ந்து இரண்டு வேளை அவர் சாப்பிட வரவில்லை. ஆள் நன்றாகத்தான் இருக்கிறாரா பார்ப்போம் என்று க்ரோலி உள்ளே போகிறார். பென்னட் தன் பாயில் இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, அறை மூலையில், முடிச்சுப்போட்ட கால்கள் அப்படியே இருக்க, கவிழ்ந்துபோன சிலைபோலத் தலையும் வலது தோளும் தரையில் பட, சாய்ந்து கிடக்கிறார். க்ரோலி அவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைக்கிறார். பென்னட் கண் திறக்கிறார். எதுவும் நடந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை.

இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் பென்னட் காற்றில் மிதந்தாரா இல்லையா என்பதைத்தான் பேசுகிறார்கள். பிராணாயாமத்தில் முதலில் வியர்வை, பிறகு விறைப்பு, பிறகு தவளைபோலத் துள்ளல், கடைசியில் மிதப்பு என்று ஒரு வரிசை நம் மரபில் உண்டு, க்ரோலியும் அதைச் சொல்கிறார். பத்தடி நகர்ந்திருக்கிறாரே, மிதந்துதானே போயிருக்க வேண்டும் என்பது வாதம். எனக்கு அந்த இரண்டு வேளைதான் கண்ணில் நின்றது. தன் நண்பர்கள் பலரை நடுத்தெருவில் விட்டவர் என்று பெயரெடுத்த ஆள் அவர். 1905இல் கஞ்சன்ஜங்கா மலையில் பனிச்சரிவில் சிக்கிய சகாக்களின் கூக்குரல் கேட்டும் கூடாரத்தை விட்டு இறங்காதவர். அப்பேர்ப்பட்டவர் கண்டியில், 1901இல், நண்பன் எத்தனை வேளை சாப்பிடவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டாவது வேளையில் கதவைத் திறந்திருக்கிறார்.

நான் மூன்று நாள்.

பயிற்சிப் புத்தகத்தில் இந்தச் சம்பவத்தின் சாப்பாட்டுப் பகுதி இல்லை. எப்படி உட்கார வேண்டும், எத்தனை நொடி நிறுத்த வேண்டும், எதையெல்லாம் எழுத வேண்டும் என்று இருக்கிறது. பக்கத்து அறையில் தட்டு அப்படியே இருந்தால் யார் பார்ப்பது என்று இல்லை. எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஒரு வீட்டுக்குள் அது சொல்லாமலே நடக்கிற காரியம். இராமநாதன் வீட்டில் நடந்திருக்கும். என் பாட்டி வீட்டில் நடக்கும். விடுதியில்கூட நடந்தது, நாங்கள் இருவரும் அதற்குக் காது கொடுக்கவில்லை. மாந்திரீகக் கருவிகளில் 'வட்டு' என்று ஒன்று, மெழுகில் செய்த தட்டு, மண்ணைக் குறிப்பது. கிண்ணம் மேலுலகத்து உணவென்றால் இது மாந்திரீகனின் பூமி உணவு என்கிறார் க்ரோலி. வாளுக்கும் கோலுக்கும் ஆசைப்பட்டு ராத்திரி ரெண்டு மணிவரை பேசியிருக்கிறோம். அந்த அத்தியாயத்தை இருவருமே வேகமாகப் புரட்டிவிட்டோம்.

*

இப்போது நான் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைக் கண்காணிக்கிற குழுவில் இருக்கிறேன். திரை முழுக்கக் கோடுகள் ஓடும். எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் பாதி. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அழகான கோட்டைப் பார்ப்பார்கள். காலையில் இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து முறிவுகளை எண்ணுவதும் உண்டு, க்ரோலி சொன்ன அதே முறைதான், அதைவிட நல்ல முறை எனக்குக் கிடைக்கவில்லை. மூச்சை நிறுத்துவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் அதுவும் கிடையாது, படுத்துவிடுவேன்.

கிட்டார் தன் ஊரில் மாமாவின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறான். மாத்திரை தொடர்கிறது, ரத்தப் பரிசோதனை தொடர்கிறது. நடுவில் இரண்டு முறை மோசமானது, இரண்டு முறையும் அவன் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை பேசிக்கொள்வோம். கல்லூரியைப் பற்றி, பாட்டைப் பற்றி. 2009 செப்டம்பரைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்கப் போன மாதம் கூப்பிட்டேன். கண்டி பங்களாக் கதையைச் சொன்னேன். மூன்று நாள் விஷயத்தையும், மெஸ் அண்ணனிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடையில் யாரோ அரை இன்ச் எல்போ கேட்பது கேட்டது.

"டயட்டா?" என்றான். சிரித்தான். "டேய், நான் அப்ப நாப்பத்தெட்டு கிலோடா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"அந்த நோட்டு ஒங்கிட்டயா இருக்கு?"

"ஆமா. அலமாரில இருக்கு."

"முறிவு கடைசியா எவ்ளோ இருந்துச்சு?"

எழுந்து போய் எடுத்துப் பார்த்தேன். "பதினொண்ணு" என்றேன்.

"பதினொண்ணா! பரவால்லையே" என்றான். பிறகு, "கொரியர் பண்ணிரு. பின்னாடி பாதி நோட்டு காலியாத்தான இருக்கும். கடைக்கு ஆகும். கட்டம் வேற போட்டிருக்க."

மறுநாள் அனுப்பிவிட்டேன். பணம் செலுத்தும்போது உள்ளே என்ன என்று கேட்டார்கள். நோட்டு என்றேன்.